பழைய ரீ.வி.: செம்பு போனது, ஈயம் எஞ்சியது

எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டி 21 அங்குலம். வாப்பா கட்டாரில் வேலை செய்த காலத்தில், நான் பிறப்பதற்கு முன்னர், ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டு வந்தது. தூசு படியாமல் மூடுவதற்கென்று உம்மா பூப்போட்ட துணியில் ஓர் உறையும் தைத்து வைத்திருந்தார். போன வருடம் ஒரு நாள் மூத்தம்மா இரவுச் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டி திடீரென்று இருண்டுவிட்டது. திருத்துகிறவர் வந்து பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். "பிளைபெக் எரிஞ்சி போயிருக்கு. இதுக்குரிய சாமான் இப்ப வாறல்ல" என்று சொல்லி மீண்டும் பூட்டித் தந்தார். சுவரில் தட்டையான புதிய ரீ.வி. ஏறியது. பழையது விறாந்தை மூலையில் எட்டு மாதம் கிடந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பழைய இரும்பு வாங்குகிறவர் ஒலிபெருக்கி கட்டிய வண்டியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். உம்மா அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினார்.

"ராத்தா, இந்தப் பெட்டி எங்களுக்குப் பாரம். உள்ளுக்க இருக்கிற செம்பு மட்டுந்தான் காசு. 300 ரூபா தாறன்."

"தாறதத் தந்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி. இடம் கிடைச்சாப் போதும்."

அவர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்து வெறும் வளவிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாட்களின் பின், குர்ஆன் மத்ரஸா விட்டு வந்த என் தம்பி வளைந்த கண்ணாடித் துண்டொன்றைக் கொண்டு வந்து காட்டினான். "ராத்தா, பாருங்க, உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்குது." அவனுடைய விரல்களில் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் அப்பியிருந்தது. அவனுக்கு ஆறு வயது. நகம் கடிக்கிற பழக்கமும் உண்டு.

பின்வளவுக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் ரீ.வி. அங்கேதான் கிடந்தது. கழுத்து உடைக்கப்பட்டுச் செப்புச் சுருளும் சுற்றுப் பலகையும் கழற்றப்பட்டிருந்தன. மற்றதெல்லாம் அப்படியே விடப்பட்டிருந்தன. மிஞ்சியதைப் பிள்ளைகள் கல்லால் எறிந்து உடைத்திருக்கிறார்கள். மத்ரஸாவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை அந்த வளவுக்கூடாகத்தான் போகிறது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது பற்றிய நபிமொழியை நாங்கள் எல்லோரும் அதே மத்ரஸாவில்தான் மனனமிட்டோம். அந்தப் பாதையில் தொல்லையைப் போட்டவர்கள் இம்முறை நாங்கள்தான்.

அன்று முதல் இந்தப் பெட்டியைப் பற்றித் தேடிப் படித்தேன். பௌதிகவியல் ஆசிரியையிடமும் இரசாயனவியல் ஆசிரியையிடமும் கேட்டேன். நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளின் கட்டிலடியிலும் சாமான் அறையிலும் இத்தகைய பெட்டிகள் கிடப்பதனால், அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும், ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. அப்போதிருந்து தட்டைத் திரைகள் மலிவாகும் வரை வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் பின்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும் பெட்டிகளே. அவற்றின் உள்ளே இருப்பது கதோட்டுக் கதிர்க்குழாய். திருத்துகிறவர்கள் பிக்சர் ரியூப் என்பார்கள். 1897இல் கார்ள் பேர்டினன்ட் பிறவுண் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி அமைத்த குழாயின் வழிவந்தது இது.

வேலை செய்யும் விதம் அழகானது. குழாயின் ஒடுங்கிய கழுத்தில் இலத்திரன் துப்பாக்கி இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் இலத்திரன்களை 20,000 வோல்ற்றுக்கும் மேற்பட்ட அழுத்தம் திரையை நோக்கி இழுக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள செப்புச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கி அந்தக் கற்றையை இடமும் வலமும், மேலும் கீழும் ஓட வைக்கிறது. திரையின் உட்புறத்தில் பூசப்பட்ட தூளில் இலத்திரன் மோதும்போது சிவப்பு, பச்சை, நீல ஒளி பிறக்கிறது. மூத்தம்மா பார்த்த செய்தி வாசிப்பாளரின் முகம் இப்படித்தான் உண்டானது. தம்பியின் விரலில் ஒட்டியிருந்ததும் இந்தத் தூள்தான். பெரும்பாலும் நாகத்தின் சல்பைட்டும் வேறு சில உலோகச் சேர்வைகளும் அதில் உள்ளன. மிகப் பழைய பெட்டிகளில் கட்மியமும் உண்டு.

ஈயம் எங்கிருந்து வந்தது? வேகமாக வரும் இலத்திரன் ஓரிடத்தில் மோதித் திடீரென்று நிற்கும்போது எக்ஸ் கதிர் வெளிப்படும். அது வீட்டாரின் உடலில் படாமல் தடுப்பதற்காகவே கண்ணாடியுடன் ஈய ஒட்சைட்டைக் கலந்தார்கள். திரைப்பக்கக் கண்ணாடியில் ஈயம் இருந்தால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ரொன்சியமும் சேர்த்தார்கள். பின்னால் புனல் போல ஒடுங்கும் பகுதியின் கண்ணாடியில்தான் ஈயம் கூடுதல். நிறப் பெட்டிகளில் அந்தக் கண்ணாடியின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொன்று முதல் நாலிலொன்று வரை ஈய ஒட்சைட்டு. திரையையும் புனலையும் பொருத்தும் ஒட்டில் செறிவு இன்னும் அதிகம். கணக்குப் பார்த்தால் எங்கள் பெட்டி அளவான ஒன்றில் ஏறத்தாழ ஒரு கிலோ ஈயம் இருந்திருக்கும். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைக் கண்டவர்களுக்கு ஒரு கிலோ எவ்வளவு என்று தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் பயம் வந்தது. எத்தனை வருடம் அதன் முன்னால் இருந்திருக்கிறோம்! ஆனால் முழுதாக இருக்கும் வரை அந்த ஈயம் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது காவலாகவே இருந்தது. உடைத்துத் தூளாக்கி, குப்பையோடு சேர்த்து மழையில் விடும்போதுதான் நிலைமை மாறுகிறது. அழுகும் சமையல் கழிவிலிருந்து அசற்றிக்கமிலம் போன்ற அமிலங்கள் உண்டாகின்றன. ஈயத்தின் அசற்றேற்று நீரில் கரையும் என்பது உயர்தர இரசாயனவியல் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அப்படிக் கரைந்து வரும் ஈயத்தில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கிவிடும். எங்கள் கரையோரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் மண்ணின் பிடிமானம் குறைவு, நிலத்தடி நீரும் ஆழமில்லை. ஆகவே கிணற்றைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதுதான். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் கைகளை.

விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களின் உடல் உறிஞ்சுவதை விட நான்கு ஐந்து மடங்கு அதிகமாகச் சிறுபிள்ளைகளின் உடல் உறிஞ்சுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று ஈயத்திற்கு இல்லை என்பதும் அதன் நிலைப்பாடு. ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். கல்சியம் போல நடித்து எலும்புக்குள் புகுந்து பல வருடங்கள் தங்கும். ஒரு பெண் கர்ப்பிணியாகும்போது எலும்பிலிருந்து வெளியேறிக் குழந்தைக்கும் போகும். பெண்கள் கல்லூரிச் சஞ்சிகை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

தம்பியை வைத்தியரிடம் கொண்டு போய்க் காட்டினோம். ஒருமுறை தொட்டதற்காகப் பயப்பட வேண்டாம், கையைச் சவர்க்காரத்தால் கழுவப் பழக்குங்கள், அந்த இடத்தைச் சுத்தமாக்குங்கள் என்றார். இரண்டாவது வேலை முதலாவதை விட இலேசாக இருந்தது.

சுத்தமாக்கியது இப்படி. மூடிய சப்பாத்து, தடித்த றப்பர் கையுறை, முகக்கவசம் அணிந்துகொண்டோம். சின்னப் பிள்ளைகளை அப்பால் அனுப்பினோம். தும்புத்தடியால் கூட்டவில்லை. காய்ந்த தூளைக் கூட்டினால் அது காற்றில் எழும்பி மூக்குக்குள் போகும். முதலில் பூவாளியால் தண்ணீர் தெளித்தோம். பெரிய துண்டுகளைப் பொறுக்கிய பின், தூள் சிந்திய மேல்மண்ணை இரண்டு அங்குல ஆழத்திற்குச் சுரண்டி எடுத்தோம். எல்லாவற்றையும் இரட்டை உரப்பையில் போட்டு, வெறும் பெயின்ற் வாளிகளில் வைத்து இறுக மூடி, 'உடைந்த ரீ.வி. கண்ணாடி, திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டினேன். அன்று உடுத்த உடுப்பை உம்மா வேறாகத் துவைத்தார். மொத்தம் மூன்று வாளிகள். 300 ரூபாவுக்கு வாளிக்கு 100 ரூபா வீதம் என்று மூத்தம்மா கணக்குச் சொன்னார்.

பழைய இரும்பு வாங்குகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தப் பெட்டியின் கணக்கே அப்படித்தான். விற்கக்கூடிய செம்பு கொஞ்சம், அது கழுத்திலும் திரையைச் சுற்றியும் எளிதில் கழற்றக்கூடிய இடத்தில் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கண்ணாடி, அதை வாங்குவாரில்லை. முன்பு பழைய குழாய்க் கண்ணாடியை உருக்கிப் புதிய குழாய் செய்தார்கள். இப்போது உலகில் அத்தகைய பெட்டிகளுக்குச் சந்தையே இல்லாமல் போனதால் கண்ணாடிக்கும் வேலையில்லை. ஈயம் உருக்கும் ஆலைகள் சிலவற்றில் ஓரளவு பயன்படுகிறது, அவ்வளவுதான். ஆகவே பெட்டியை விலைபேசி விற்கும்போது உண்மையில் செம்பை மட்டுமே விற்கிறோம். கண்ணாடியை ஏதோவொரு வளவில் போடும்படி நாமே சொல்லி அனுப்புகிறோம். நல்ல விலை தருகிறவரைத் தேடுவது இந்த விடயத்தில் பிழையான தேடல். முழுப் பெட்டியாக எடுத்து, முழுப் பெட்டியாகவே மறுசுழற்சி செய்யும் இடத்தில் ஒப்படைப்பவரைத் தேட வேண்டும். அவர் ஒரு சதமும் தராவிட்டாலும், போக்குவரத்துக்கு நம்மிடம் காசு கேட்டாலும் அது நியாயமே.

கொடுக்க முன்னர் ஒரு கேள்வி இருக்கிறது. பெட்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா? பல சமயங்களில் பழுதாவது மின்வழங்கிப் பகுதியில் உள்ள ஒரு கொள்ளளவிதான். சில நூறு ரூபாவோடு சரியாகிவிடும். பழைய பெட்டியிலும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பிகளைக் கொண்டு சட்டலைட் பெட்டியை இணைக்கலாம். நல்ல நிலையில் இருப்பதைத் தேவையுள்ள ஒருவருக்குக் கொடுப்பது மறுசுழற்சியை விடச் சிறந்தது. ஆனால் பழுதானதை, அல்லது நாளைக்குப் பழுதாகப் போவதை, ஸதகா என்ற பெயரில் ஏழை வீட்டில் இறக்குவது ஸதகா அல்ல. நமது குப்பையை அவர்களுடைய வீட்டுக்கு மாற்றுவதுதான் அது. அவர்கள் வெட்கத்தில் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார்கள்.

முடிந்துவிட்டது என்று தெரிந்தால், வீட்டில் எவரும் அதைத் திறக்கக் கூடாது. குறிப்பாகத் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் காக்காமார். மின் செருகியைக் கழற்றிய பின்னரும் குழாயிலும் கொள்ளளவிகளிலும் ஏற்றம் தங்கியிருக்கும். அது தூக்கி எறியக்கூடிய அதிர்ச்சியைத் தரும். குழாயின் உள்ளே வெற்றிடம் இருப்பதால், அடிபட்டால் வளிமண்டல அமுக்கம் அதை உள்நோக்கி நொறுக்கும். உடனே துண்டுகள் எல்லாப் பக்கமும் சிதறும். நாங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

பெட்டியை மழை படாத இடத்தில், தரையில் வைக்க வேண்டும். தூக்குவதற்கு இருவர் தேவை. பாரம் முழுவதும் திரைப்பக்கம் இருப்பதால் திரை நம் நெஞ்சைப் பார்த்தபடி பிடித்துத் தூக்க வேண்டும். வாகனத்தில் பழைய மெத்தையையோ சாக்கையோ விரித்து, திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பது பாதுகாப்பு. ரிமோட்டில் உள்ள பற்றரிகளை எடுத்து வேறாகச் சேர்க்க வேண்டும். பின்பக்கக் கம்பியை வெட்டி எடுத்து எரித்துச் செம்பு பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கம்பியின் உறை பி.வி.சி. அதை எரித்தால் டயொக்சின் போன்ற நச்சுப் புகை வரும். வெறும் கூட்டைக் கோழிக்கூடாக்கி வைத்திருக்கும் ஒரு வீட்டையும் பார்த்தேன். யோசனை நல்லதுதான், ஆனால் தீப்பற்றாதிருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் புரோமீன் சேர்வைகள் கலந்திருப்பார்கள். நான் என்றால் அந்தக் கூட்டின் முட்டையை வாங்கமாட்டேன்.

குப்பை வண்டிக்குக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். எங்கள் அம்பாறைக் கரையோரத்தின் பல உள்ளூராட்சி மன்றங்களின் குப்பை நீண்ட காலமாக அஷ்ரப் நகர்ப் பக்கம் கொட்டப்பட்டது. அந்தக் குப்பை மேட்டில் காட்டு யானைகள் பொலித்தீனோடு சேர்த்து உணவு தேடும் படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தன. அங்கே போகும் பெட்டி மறைந்துவிடுவதில்லை. நம் கண்ணில் படாத இடத்திற்குப் போகிறது, அவ்வளவுதான்.

சட்டமும் இதைச் சாதாரணக் குப்பையாகப் பார்க்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகளின்படி, அபாயகரமான கழிவுகளைச் சேகரிக்கவும் கொண்டுசெல்லவும் பதப்படுத்தவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் தேவை. நாடுகளுக்கிடையே இத்தகைய கழிவு நகர்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் சமவாயத்திலும் இலங்கை 1992 முதல் பங்காளி. ஆனால் அனுமதிப்பத்திரம் உள்ளவர் யார் என்று நாங்கள் கேட்டால்தானே சட்டம் ஒழுங்கைக்குள் வரும்? 2022இல் உலகம் முழுவதும் உண்டான இலத்திரனியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. மிச்சத்தில் எங்கள் பெட்டியைப் போன்றவையும் அடங்கும்.

கேட்கக்கூடிய இடங்கள் மூன்று நான்கு உண்டு. முதலாவது உங்கள் பிரதேச சபை அல்லது மாநகர சபை. சில சபைகள் வருடத்தில் குறித்த நாட்களில் இலத்திரனியல் கழிவை வேறாக எடுக்கின்றன. தபால் அலுவலகங்களின் ஊடாக இத்தகைய கழிவைச் சேகரிக்கும் வாரங்களும் நடந்திருக்கின்றன. ஆனால் 20 கிலோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முன்னர், பெரிய பெட்டியை எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது மத்திய சுற்றாடல் அதிகாரசபை. தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது, மாகாண, மாவட்ட அலுவலகங்களும் உண்டு. அனுமதி பெற்ற சேகரிப்பாளர்கள் யார் என்ற விபரம் அவர்களிடம் கிடைக்கும். புதிய ரீ.வி. வாங்கும்போது பழையதை எடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே, "எடுத்த பெட்டியை யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தப் பெட்டி சுற்றிச் சுற்றி வேறொரு மத்ரஸாவின் பின்வளவுக்குத்தான் போகும். சேகரிக்க வருகிறவரிடம் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்பதில் வெட்கமில்லை. பற்றுச்சீட்டும் கேளுங்கள்.

தட்டைத் திரைகளுக்கும் ஒரு வார்த்தை. எல்.சி.டி. வகையில் ஆரம்பத்தில் வந்தவற்றின் திரைக்குப் பின்னால் ஒல்லியான மின்குமிழ்கள் இருக்கின்றன, அவற்றில் மிகச் சிறிதளவு இரசம் உண்டு. பின்னர் வந்த எல்.ஈ.டி. வகையில் அது இல்லை. வெளியில் பார்த்து வேறுபடுத்துவது கடினம். எனவே எதையும் உடைக்காமல் கொடுப்பதே நல்லது.

எங்கள் கதையின் மீதி இது. மாமியின் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருந்தது. இம்முறை வாப்பா சுற்றாடல் அதிகாரசபை அலுவலகத்திற்குத் தொலைபேசி எடுத்து, அனுமதி பெற்ற ஒரு சேகரிப்பாளரின் இலக்கத்தைப் பெற்றார். ஒரு பெட்டிக்காக இவ்வளவு தூரம் லொறி அனுப்ப முடியாது, குறைந்தது பத்துப் பெட்டிகள் சேர்த்தால் வருவோம் என்றார்கள். பத்துப் பெட்டிக்கு எங்கே போவது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கிச் சத்தத்தோடு அதே பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார்.

உம்மா அவருக்குப் பிளேன்ரீ கொடுத்து, தம்பியின் கைவிரல் கதையைச் சொன்னார். நான் வாளிகளைக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"எனக்கு இத ஆரும் சொல்லல்லயே மகள். என்ட வீட்டு முத்தத்திலயும் எத்தினை ரியூப் உடைச்சிருப்பன். என்ட புள்ளையும் அதிலதான் விளையாடுறான்."

எந்தெந்த வீட்டில் பழைய பெட்டி இருக்கிறது என்பது ஊரில் அவரை விட நன்றாக எவருக்குத் தெரியும்? ஒரு பெட்டியை உடைக்காமல் எங்கள் விறாந்தையில் கொண்டு வந்து இறக்கினால் 250 ரூபா தருவதாக வாப்பா சொன்னார். அவர் முதலில் 300 கேட்டார். பேசி 300இலேயே முடிந்தது. அந்தக் காசைப் பெட்டிக்குச் சொந்தக்காரர்கள் தந்தார்கள். இரண்டு வீட்டார், "குப்பையைக் கொடுக்க நாங்கள் ஏன் காசு தர வேண்டும்?" என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருடைய பெட்டி இன்னும் அவருடைய கிணற்றடியில் நனைந்துகொண்டிருக்கிறது.

மூன்று வாரத்தில் 12 பெட்டிகள் சேர்ந்தன. விறாந்தையில் நடக்க இடமில்லாமல் போனது. தொழுகைப் பாயை விரிக்க மூத்தம்மா ஒவ்வொரு நாளும் என்னைத் திட்டினார். லொறி வந்த அன்று சேகரிப்பாளர்கள் கையுறை அணிந்து ஒவ்வொரு பெட்டியாக நிறுத்து எழுதினார்கள். வாளிகளை எடுக்க முதலில் தயங்கினார்கள், உடைந்த கண்ணாடிக்குத் தனியான முறை இருக்கிறதாம். வாப்பா விளக்கிச் சொன்ன பின், மூடியை மேலும் ஒட்டிப் பட்டி சுற்றி எடுத்துக்கொண்டார்கள். ஆலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பிளாஸ்டிக், செம்பு, பலகைகள் வேறாக்கப்படும், குழாயின் காற்றை விட்ட பின் திரைக் கண்ணாடியையும் ஈயக் கண்ணாடியையும் பிரிப்பார்கள், தூளை உறிஞ்சி எடுப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். சுற்றுப் பலகைகளிலுள்ள உலோகங்களைப் பிரிக்கும் வசதி இங்கே இல்லாததால் அவை கப்பலில் வெளிநாட்டுக்குப் போகுமாம். பற்றுச்சீட்டில் மொத்த நிறை 241 கிலோ என்று இருந்தது.

எங்கள் கல்லூரியின் சுற்றாடல் முன்னோடிப் படையணி இரண்டாம் தவணை விடுமுறைக்கு முன்னர் மீண்டும் ஒருமுறை லொறியை வரவழைக்க முயல்கிறது. பெட்டிகளை இம்முறை எங்கள் விறாந்தையில் அல்ல, கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டிலில் வைக்க அதிபர் அனுமதி தந்திருக்கிறார். வீட்டில் பழைய ரீ.வி. உள்ள மாணவிகள் அதன் அங்குல அளவையும், கண்ணாடி உடைந்ததா இல்லையா என்பதையும் எழுதி, படையணிக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் கொடுக்கவும். பெட்டியை எவரும் தனியாகத் தூக்கி வர வேண்டாம். ஏற்றி வர ஆள் இருக்கிறார். பெட்டிக்கு 300 ரூபா.